கேத்தல் போட்டால் பிளக் சுடுகிறது, "ட்ரிப் சுவிச் இருக்குத்தானே" என்கிறார் மாமா

2025 ஜனவரி 6, மாலை 6.40
(ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி கேட்டது)

எங்களுடையது அம்மம்மா காலத்து வீடு. குசினியில் ஒரேயொரு பிளக் பொயின்ட், அதுவும் பழைய உருண்டை ஓட்டை. அதில் மல்டி பிளக் ஒன்றைக் கொழுவித்தான் பிரிட்ஜ், ரைஸ் குக்கர், கேத்தல் மூன்றும் ஓடுகின்றன. கேத்தலைப் போட்டால் குசினி லைட் மங்குகிறது. நேற்று அதைக் கழற்றும்போது பிளக் கையில் சுட்டது. மாமாவிடம் சொன்னேன். "ட்ரிப் சுவிச் இருக்குத்தானே மனே, பிரச்சினை எண்டால் அது விழும்" என்கிறார். அவர் சொல்வது சரியா?

ஜனவரி 6, இரவு 9.15

மாமா சொல்வது பிழை. முதலில் அந்தக் கேத்தலைக் கழற்றி வையுங்கள், பிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.

ட்ரிப் சுவிச் பார்ப்பது ஒரே விஷயத்தைத்தான். லைனில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா? போனதைவிட வந்தது 30 மில்லி ஆம்பியர் அளவில் குறைந்தால், எங்கோ கசிகிறது, யாரோ ஒருவரின் உடம்புக்குள்ளால் நிலத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழும். கேத்தலும் குக்கரும் சேர்ந்து 12 ஆம்பியர் இழுத்தால் போன 12ம் ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். அதன் கணக்கில் களவு நடக்கவில்லை. பிளக் உருகி ஒழுகினாலும் அது பேசாமல் நிற்கும்.

இனி உங்கள் குசினிக் கணக்கு. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். உருண்டை ஓட்டையில் சின்னது 5 ஆம்பியர், அதாவது 1150 வாட். கேத்தல் 1500 வாட்டுக்குக் குறையாது. குக்கர் 700 அளவில். பிரிட்ஜ் ஓடும்போது 150 என்று வைத்துக்கொண்டாலும், மோட்டார் தொடங்கும் அந்த நொடியில் பல மடங்கு இழுக்கும். எப்படிக் கூட்டினாலும் 2300க்கு மேலே போகிறது. தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு.

சதுர ஓட்டை 13 ஆம்பியர் பொயின்ட் என்றால் 2990 வாட் தாங்கும். பழையதைக் கழற்றிவிட்டு அதைப் போடுங்கள், விஷயம் முடிந்தது.

ஜனவரி 7, காலை 5.50

முடியவில்லை. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. நேற்றைய கடைசி வரியை நம்பி யாரும் கடைக்குப் போய்விடாதீர்கள். நானே அப்படிச் செய்து மாட்டுப்பட்டவன்.

எங்கள் வீடு புளியந்தீவில். அப்பப்பா 1964ல் கட்டியது. 1978 நவம்பர் சூறாவளி கூரை ஓடுகளையும் கைமரத்தையும் கொண்டுபோனது, வயரிங்கில் பாதியை விட்டுவிட்டுப் போனது. அந்தப் பாதி இன்னும் சுவரில் மரப் பட்டிக்குள் இருந்தது. 2019ல் குசினிக்கு நானே ஒரு வெள்ளைச் சதுர பொயின்ட் வாங்கிப் பூட்டினேன். பளபளவென்று இருந்தது, அம்மாவுக்கும் சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்துக் குசினியில் மீன் வாடை அடிக்கத் தொடங்கியது. மட்டக்களப்பில் ஒரு வீட்டுக் குசினியில் மீன் வாடை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அம்மா சட்டியைத் திரும்பக் கழுவினார், பூனைக்கு ஏச்சு விழுந்தது, குப்பை வாளியை வெளியே வைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமைதான் அவருக்குப் பிடிபட்டது. "இண்டைக்கு மரக்கறிதானே சமைச்ச, பிறகு எங்கால மீன் மணக்குது?" என்று மூக்கை வைத்து மணந்துகொண்டே போய்ப் பிளக் பொயின்டுக்கு முன்னால் நின்றார். பிளக் பொயின்டில் இருக்கும் சில வகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மேல் சூடேறினால் மீன் வாடைதான் வரும். மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கம் கோப்பிக் கொட்டை நிறம்.

பொயின்டில் குறை இல்லை. அதற்குப் பின்னால் வந்த வயர் 3/.029, மூன்று இழை, பழைய அங்குல அளவு, லைட்டுக்கு இழுத்தது. 1964ல் அந்த இடத்தில் ஒரு ரேடியோ இருந்ததாம். ரேடியோவுக்குப் போட்ட வயரில் நான் கேத்தலைக் கொழுவியிருக்கிறேன். முன்னால் 13 என்று அச்சடித்தால் பின்னால் இருக்கிற வயர் தடித்துவிடாது.

ஆகவே திருத்தம்: வயர் என்ன அளவு, அது எந்த பியூஸில் போய் முடிகிறது என்று தெரியாமல் பொயின்டை மாற்ற வேண்டாம். பழைய ஐந்து ஆம்பியர் பொயின்டாவது தான் சின்னவன் என்று முகத்தில் எழுதி வைத்திருந்தது. புதியது பொய் சொல்லும்.

ஜனவரி 7, மதியம்

"எங்கள் பிளக் பொயின்டில் எட்டுச் சாமான் இருக்கிறது, ஒன்றும் சுடவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டும் என்ன? நாலு போன் சார்ஜர், வைபை பெட்டி, டிவி, மேசை பேன், ஒரு எல்ஈடி லைட். எல்லாம் கூட்டினாலும் 300 வாட் வராது. ஓட்டையை எண்ண வேண்டாம், வாட்டை எண்ணுங்கள். பத்து சார்ஜரைவிட ஒரு அயன் கூடவாக இழுக்கும். சூடாக்குவதற்கென்றே செய்த சாமான்கள்தான் ஆபத்தானவை: கேத்தல், அயன், குக்கர், ஓவன், ஹொட் பிளேட். வயரிங் சரியாகும்வரை இந்த வகையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். சோறு வெந்த பிறகு தேத்தண்ணி.

ஜனவரி 7, இரவு

ஏன் வயரின் நடுவில் சுடாமல் பிளக்கிலேயே சுடுகிறது என்ற கேள்விக்கு:

இளகிய தொடுப்பு. பழைய பொயின்டுக்குள் இருக்கும் பித்தளை நாக்கு நாற்பது வருடம் விரிந்து விரிந்து இறுக்கம் போயிருக்கும். பிளக்கின் கால் அதில் பட்டும் படாமல் நிற்கும். அந்த இடத்தில் அரை ஓம் தடை இருக்கிறது, 8 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். எட்டை எட்டால் பெருக்கி அரையால் பெருக்கினால் 32 வாட். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கும் அயன் அதே அளவுதான். அதை மூட்டிச் சுவருக்குள் செருகிவிட்டு நீங்கள் தேத்தண்ணி குடிக்கிறீர்கள்.

கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. அதனால்தான் குக்கர் மட்டும் ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை, கேத்தலும் சேர்ந்தவுடன் சுடுகிறது. சுட்டால் பித்தளை இன்னும் இளகும், இளகினால் இன்னும் சுடும்.

ஜனவரி 8

கேட்டவர் கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்: 2200 வாட். நான் 1500 என்று கைக்கணக்கில் சொன்னேன். 2200 என்றால் தனியாகவே 9.6 ஆம்பியர், ஐந்து ஆம்பியர் ஓட்டையில். மாமா கும்பிடும் பிள்ளையார்தான் காப்பாற்றியிருக்கிறார்.

ஜனவரி 8, பிறகு

எவ்வளவு சூடு என்றால் பயப்பட வேண்டும்? நான் செய்வது இது. கை காய்ந்திருக்க வேண்டும். சாமானை ஓடவிட்டு, முடிந்ததும் சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பிடித்துப் பார்ப்பேன். இளஞ்சூடு என்றால் கேத்தலுக்குப் பரவாயில்லை. பிடித்து வைத்திருக்க முடியாவிட்டால் அந்த பொயின்டுக்கு அன்றோடு ஓய்வு. போன் சார்ஜர் மட்டும் கொழுவிய பொயின்டின் முகப்பு சுட்டால் அது இன்னும் மோசம், பின்னால் வேறு ஏதோ நடக்கிறது. மஞ்சளோ கறுப்போ படிந்திருந்தாலும், வெடித்திருந்தாலும், சரசரவென்று சத்தம் கேட்டாலும் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. நேரே மெயின் சுவிச்சுக்குப் போங்கள்.

புகை வந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதலில் மெயின். இது எல்லோருக்கும் தெரியும் என்பீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஒருமுறை புகை வந்தபோது நான்கு பேர் வாளியோடு ஓடினார்கள், மெயின் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அலுமாரிக்குப் பின்னால் இருந்தது.

ஜனவரி 9

லைட் மங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டவர் ஞாபகப்படுத்தினார். குசினி லைட் மட்டும் மங்கினால் குசினி வயர் மெல்லியது அல்லது எங்கோ மூட்டு இளகியிருக்கிறது. வீடு முழுக்க மங்கினால் பிரச்சினை மீற்றர் பக்கமாகவோ தூணிலிருந்து வரும் வயரிலோ இருக்கலாம். அது மின்சார சபையின் வேலை, 1987க்கு அடித்துச் சொல்லுங்கள். மீற்றர் சீலில் கை வைக்க வேண்டாம்.

ஜனவரி 11, பின்னேரம்

பியூஸ். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மீன் வாடைக் காலத்தில் என்னை உண்மையில் பயப்படுத்தியது பிளக் பொயின்ட் இல்லை, கட்டவுட், அதாவது பியூஸ் கம்பி பூட்டும் பீங்கான். அவ்வளவு சூடேறியும் ஏன் பியூஸ் போகவில்லை என்று மெயினை நிறுத்திவிட்டுப் பீங்கானை இழுத்தேன். உள்ளே பியூஸ் கம்பியே இல்லை. லைட் வயரிலிருந்து உரித்த செம்பு இழைகள், ஐந்தோ ஆறோ, முறுக்கிப் போட்டிருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "அடிக்கடி போச்சுது, அதான் பலமாப் போட்ட" என்றார் பெருமையாக. தொண்ணூறுகளில் கம்பி வாங்கக் கடை திறந்திருக்காத நாட்களும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் போட்டது, முப்பது வருடம் அப்படியே கிடந்தது.

5 ஆம்பியர் பியூஸ் கம்பியின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர். 15 ஆம்பியர் என்றால் 0.5. மயிர் போல இருக்கிறதே என்று நினைப்பது சரி, அது அறுவதற்காகச் செய்தது. சரியான கம்பி போட்டாலும் இந்தப் பழைய வகை பியூஸ் தன் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு போனால்தான் அறும். முறுக்கிய செம்பு என்றால் அது அறுவதற்கு முன் சுவருக்குள் இருக்கிற 3/.029 அறுந்துவிடும், அதைச் சுற்றிய மரப் பட்டியையும் கொண்டு.

ஜனவரி 11, பிறகு

அப்பா இதை வாசித்துவிட்டார். "பிள்ளைகள் படிக்க லைட் வேணும் எண்டுதான் போட்ட. நீ படிச்சதும் அந்த லைட்டிலதான்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 15

பொங்கல் வேலைகளில் நேற்று எழுதவில்லை. பானை முற்றத்தில், விறகில். யாருடைய பிளக்கும் சுடவில்லை.

கல்லடியிலிருந்து ஒருவர் உப்புக் காற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, அங்கே பித்தளை பச்சை பூக்காமல் என்ன செய்யும்? பச்சை படிந்த இடம் தடை கூடிய இடம், ஜனவரி 7 இரவு எழுதிய கணக்குத்தான் திரும்பவும். கடலோர வீட்டில் பொயின்டுக்கு ஆயுள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் சுவர் ஊறி, எறும்பு பெட்டிக்குள் குடிபோகும். எங்கள் பொயின்ட் ஒன்றுக்குள் பல்லி முட்டையே இருந்தது.

பிப்ரவரி 10

நேற்று ஞாயிறு நாடே இருட்டு. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று ட்ரான்ஸ்போமரில் பட்டதாம், அமைச்சரே சொன்னார். இந்தப் பதிவுக்குக் குரங்கு சம்பந்தம் இல்லை என்று நினைத்தேன், இருக்கிறது.

கரண்ட் போன நேரம் அம்மா சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். அயனை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கதைக்கப் போய்விட்டார். பின்னேரம் கரண்ட் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. நான் கிறுகி வந்து பார்த்தபோது அயன் கொதித்துக்கொண்டு நின்றது, நல்லகாலம் நிமிர்ந்து நின்றது. கரண்ட் திரும்பும் அந்த நொடியில் வீட்டில் உள்ள பிரிட்ஜ், மோட்டார், குக்கர் எல்லாம் ஒன்றாகத் தொடங்கும். இளகிய மூட்டுக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை. கரண்ட் போனால் சூடாக்கும் சாமான்களைக் கழற்றிவிடுங்கள், லைட் ஒன்றை மட்டும் போட்டு வையுங்கள், வந்தது தெரியும்.

2022ம் ஞாபகம் வந்தது. கேஸ் இல்லை என்று ஆளாளுக்கு இண்டக்ஷன் அடுப்பு வாங்கினோம், 2000 வாட். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டையும் வெட்டினார்கள். அடுப்பின் மேல் பேப்பர் விரித்துக் கீரை ஆய்ந்தோம். பிறகு கரண்ட் ஒழுங்காக வந்தபோது அந்த அடுப்பு பல வீடுகளில் மல்டி பிளக்கிலேயே தங்கிவிட்டது. நம் பழைய வீடுகளின் பாரம் கூடிய வருடம் அதுதான் என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 12

மல்டி பிளக்கைப் பற்றி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் வாங்கிய ஒன்றை வெட்டிப் பார்த்தேன். மேலே 13 என்று புடைத்த எழுத்து. வயரின் உறையில் 0.75 (சதுர மில்லிமீற்றர்) என்று இருந்தது, அந்தத் தடிப்பு 6 ஆம்பியருக்கானது. உள்ளே செம்பு அதைவிடக் குறைவாகத் தெரிந்தது, சத்தியம் பண்ண மாட்டேன், அளக்கும் கருவி என்னிடம் இல்லை. நல்ல மல்டி பிளக் பலகை என்றால் 1.25 வயர் இருக்கும், பிளக்குக்குள் பியூஸ் இருக்கும். அதிலும் கேத்தல் வேண்டாம். பலகையில் பலகை கொழுவ வேண்டவே வேண்டாம். மிஞ்சிய வயரைச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டு வைப்பதும் பிழை, சுருளுக்குள் சூடு வெளியே போக வழியில்லை.

பிப்ரவரி 12, பிறகு

ஒரு பாவமன்னிப்பு. சதுர பொயின்டில் இரண்டு உருண்டைக் கால் பிளக்கைச் செருக, மேல் ஓட்டைக்குள் பேனை மூடியை விட்டுத் திறப்போமே? இலங்கையில் இதைச் செய்யாத கை இருக்கிறதா தெரியவில்லை. நான் இந்தப் பதிவை எழுதும் மேசையிலேயே அப்படி ஒன்று நின்றது. மேல் ஓட்டை எர்த். எர்த் கால் உள்ளே போனால்தான் கீழ் இரண்டு கதவும் திறக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்காக வைத்த பூட்டு அது. பேனையால் அதை ஏமாற்றுகிறோம். அதோடு உருண்டைக் கால் சதுர நாக்கை விரித்துவிடும், பிறகு நல்ல சதுரப் பிளக் போட்டாலும் இளகித்தான் நிற்கும். 13 ஆம்பியர் சதுரத்தைத்தான் நாட்டின் பொது அளவாக ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் வீட்டில் கிடக்கும் சாமானின் கால் ஒரே நாளில் மாறுமா? பிளக்கை வெட்டி 13 ஆம்பியர் பிளக் பூட்டினேன். சின்னச் சாமானுக்கு உள்ளே 3 ஆம்பியர் பியூஸ் போதும், ஏறத்தாழ 700 வாட் வரை.

மார்ச் 22

எங்கள் வீட்டுக்கு ஒருவழியாக வயரிங் வேலை செய்யும் பாஸ் வந்தார். சான்றிதழ் உள்ளவரா என்று கேட்டேன், முறைத்தார், பிறகு காட்டினார். மரப் பட்டியைத் திறந்து வயரை மடித்தார். இறப்பர் பிஸ்கட் போல உதிர்ந்தது, உள்ளே வெறும் செம்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார்.

குசினிக்குத் தனி லைன். 7/.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், பெட்டியில் 20 ஆம்பியர் பிரேக்கர் (அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் சுவிச்), சுவரில் நாலு சதுர பொயின்ட். பிரிட்ஜுக்கு அதற்கென்றே ஒன்று. அப்பா விடவில்லை: "32 போடுங்க தம்பி, அடிக்கடி விழாது." பாஸ் சொன்ன பதில்: "ஐயா, விழுறதுக்குத்தான் காசு வாங்கிறன்." (வளையமாக இழுத்த லைனுக்கு 32 போடுவார்கள், இது நேர் லைன், அதற்கு 20.)

மண்ணுக்குள் எர்த் கம்பியையும் பார்த்தார். நம் கடற்கரை மணல் கச்சான் காற்று வீசும் காலத்தில் காய்ந்து போனால் எர்த் பிடிக்காது என்று இன்னும் ஆழமாக ஒன்றை இறக்கினார். மிச்ச அறைகள் இன்னும் பழைய வயரில்தான். காசு சேர்ந்தால் அடுத்த வருடம். அதுவரை அங்கே பேனும் லைட்டும் மட்டும், அம்மாவின் அயன் குசினிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

ஜூன் 4

வைகாசிச் சடங்குக்கு ஒழுங்கையில் லைட் கட்டும் பையன்கள் வழமைபோல் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணன், ஒரு வயர் மட்டும்." பிளக் இல்லை, வெறும் இரண்டு நுனி, தீக்குச்சியால் ஓட்டைக்குள் இறுக்குவதற்கு. அம்மனுக்குப் போகும் கரண்டை எப்படி மறுப்பது? ஒரு 13 ஆம்பியர் பிளக்கை நானே பூட்டிக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை.

ஜூன் 19

ஆரையம்பதியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவர்கள் வீட்டிலும் பாஸ் பார்த்தாராம், அதே 3/.029, கட்டவுட்டுக்குள் அதே முறுக்கிய செம்பு. குசினிக்குத் தனி லைன் போட்டாயிற்று. மாமா இப்போது முழுக்க மாறிவிட்டார். ட்ரிப் சுவிச்சில் ஒரு சோதனை பொத்தான் இருக்கிறது, இடைக்கிடை அமத்திப் பார்க்க வேண்டும் என்று பாஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மாதம் முதலாம் திகதி, ஒருவருக்கும் சொல்லாமல் போய் அமத்துகிறாராம். போன முதலாம் திகதி தங்கை ஒன்லைனில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாளாம்.

கேத்தல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். புதிய பொயின்டில் கொழுவினார்கள், சுடவில்லை, லைட் மங்கவில்லை. ஆனால் கரண்டில் கொதித்த தண்ணீரில் தேத்தண்ணி சப்பென்று இருக்கிறது என்று மாமா சொல்லிவிட்டார். தண்ணீர் இப்போது விறகடுப்பில் கொதிக்கிறது.